ஓதம் ஏறும் பேஸ்மென்ட்டுக்கு எந்தத் தரை?

எங்கள் பேஸ்மென்ட்டில் தண்ணீர் தேங்கி நின்றதில்லை. ஆனால் விடாமல் மழை பெய்தால் ஒரு மூலையில் மட்டும் காங்கிரீட் கறுத்துப்போகும், சுவரோரம் வெள்ளையாக உப்புப் பூக்கும். மழை விட்டால் கறுப்பு மறைந்துவிடும், உப்பைத் துடைப்பத்தால் தள்ளிவிடலாம். சுவர், கூரை, விளக்கு எல்லாம் முடித்துப் பிள்ளைகள் படிக்கவும் விளையாடவும் அதை ஓர் அறையாக்கிய பிறகு, பாக்கி இருந்தது தரை மட்டும்தான். எப்போதும் சொதசொதவென்று இருக்கும் இடமென்றால் முடிவெடுப்பது சுலபம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து கிடக்கிற தரைதான் ஆளை ஏமாற்றும்.

கடைக்குப் போனால் பாதிச் சரக்கின் மேல் 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருக்கிறது. மேலே தண்ணீர் கொட்டினால் பலகை கெடாது என்பதுதான் அதற்குப் பொருள். பேஸ்மென்ட்டில் ஈரம் வருவது கீழிருந்து. காங்கிரீட் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே எங்கும் நுண்ணிய துளைகள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அது மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். திறந்த தரையில் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். மேலே எதையாவது விரித்து மூடினால், போக வழியில்லாமல் அடியிலேயே தங்கும். அப்படித் தங்கினால் இந்தப் பொருளுக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கேட்டேன். என் பட்டியல் வேகமாகச் சுருங்கியது.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. 18 அங்குலச் சதுரமாகக் கனமான பாலிதீன் தாளை வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுத் தரையில் ஒட்டிவிட வேண்டும். குறைந்தது 16 மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுப் பிரிக்க வேண்டும். கறுத்துப்போகும் மூலையில் நான் பிரித்தபோது, தாளின் அடிப்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக நீர்த்துளிகள். அதன் கீழே காங்கிரீட்டில் தாளின் அளவுக்கே கருஞ்சதுரம் ஒன்று விழுந்திருந்தது. நடு அறையில் ஒட்டியதில் அடியில் ஒன்றுமில்லை, ஆனால் மேல்பக்கம் லேசாக வியர்த்திருந்தது. இந்த வித்தியாசம் முக்கியம். அடியில் துளி என்றால் ஈரம் தரையிலிருந்து வருகிறது. மேலே வியர்வை என்றால், அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த தரையில் படிகிறது. அதற்குக் காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் கருவி வைத்து ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் வைத்தாலே பெரும்பாலும் போதும். சோதனையை மழைக்காலத்தில் செய்யுங்கள். வெயில் காலத்தில் எல்லாத் தரையும் யோக்கியமாகத்தான் இருக்கும்.

கார்ப்பெட்டை உடனே தள்ளினேன். நனைந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வைக்க வேண்டும், தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். அடியில் மெத்தை விரித்த கார்ப்பெட் அந்த நேரத்துக்குள் எங்கே காய்கிறது? முழு மரப்பலகை பற்றி யோசிக்கவே வேண்டாம். லாமினேட்டின் உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள். ஈரம் பட்டால் ஓரங்கள் உப்பிக்கொள்ளும், காய்ந்தாலும் பழைய நிலைக்கு இறங்காது. காங்கிரீட் மேல் பூசும் பிசின் பூச்சான எபாக்ஸி எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கீழிருந்து ஆவி தள்ளும் இடத்தில் அது கொப்புளித்து உரிந்து வரும், எங்கள் மூலை அப்படிப்பட்டதுதான்.

கடைசிவரை போட்டியில் நின்றது எஸ்பிசி வினைல் பலகை. சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் சேர்ந்தது, தண்ணீரில் ஊறப்போட்டாலும் உப்பாது. ஒன்றோடொன்று கோத்துப் போடுவது, நடந்தால் டைல்ஸ் அளவுக்குச் சில்லிடாது. என் தயக்கம் பலகையைப் பற்றியதல்ல, அதன் அடிப்பக்கத்தைப் பற்றியது. மேலே பளிச்சென்று இருக்கும்போதே அடியில் ஈரமும் தூசியும் சேர்ந்து பூசணம் வளரலாம், வாடை வரும்வரை நமக்குத் தெரியாது. அடியில் புடைப்புகள் உள்ள பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக் காற்றுக்கு இடைவெளி விட்டால் நிலைமை மேம்படும். தரையின் ஈரம் லேசாக இருக்கிறவர்களுக்கு இதை மனதாரச் சொல்வேன். எங்கள் மூலைக்கு மனம் ஒப்பவில்லை.

சரி, கடைசியில் போர்சலின் டைல்ஸ்தான். அது உறிஞ்சும் நீர் 0.5 சதவீதத்துக்கு மேல் போகாது. சிமென்ட் கலந்த ஒட்டுக் கலவையும் ஈரத்தில் கெடாது. டப்பாவில் குழைத்தே வரும் பசையை மட்டும் இங்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஈரம் பட்டால் அது இளகும். காங்கிரீட்டில் மயிரிழை விரிசல் இருந்த இடத்தில், டைல்ஸுக்கும் தரைக்கும் நடுவே பிரிப்பு விரிப்பு ஒன்றைப் போட வைத்தேன். தரை அசைந்தால் விரிசல் டைல்ஸுக்கு ஏறாமல் இருக்க அதுதான் வழி. டைல்ஸ் இடுக்குகளை அடைக்கும் கிரௌட் கோடுகளில் எப்போதாவது உப்புப் பூக்கலாம், அதை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துவிடலாம். சில்லிப்பு உண்மைதான். பிள்ளைகள் உட்காரும் இடத்தில் துவைக்கக்கூடிய பருத்தி விரிப்பு போட்டிருக்கிறோம். அடியில் ரப்பர் ஒட்டிய விரிப்பை மட்டும் தவிர்த்தேன், அது மறுபடியும் ஈரத்தை மூடிவைக்கும்.

தரையைத் தொடுவதற்கு முன்பே வெளியே செய்த வேலையையும் சொல்ல வேண்டும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயைச் சுவரிலிருந்து தள்ளி நீட்டினோம். வீட்டைச் சுற்றி 10 அடிக்கு 6 அங்குலம் சரிவு வருகிற மாதிரி மண்ணை ஏற்றினோம். மூலையின் கறுப்பு பாதியாகக் குறைந்தது இதனால்தான். எந்தத் தரையும் இந்த வேலையைச் செய்துவிடாது.

சுவரின் அடியோரப் பட்டையான ஸ்கர்ட்டிங்கை மரத்தில் வைக்காமல் அதே டைல்ஸை வெட்டி வைத்தோம். அதன் பின்னால் சுவர்ப் பலகையின் அடிவிளிம்பு தரையைத் தொடாமல் அரை அங்குலம் மேலே நிற்கிறது. ஒரு பெட்டி டைல்ஸை மிச்சம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த மூலையை என்றைக்காவது உடைக்க வேண்டி வந்தால் அதே நிறம் பிறகு கிடைக்காது.