மகள் லிப்ஸ்டிக் கேட்கும்போது

பெண் குழந்தைகளை வளர்க்கும் தோழியர் கூடும் இடங்களில் அண்மைக் காலமாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: குழந்தை மேக்கப் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டால் எந்த வயதில் அனுமதிக்கலாம்? பத்தாம் வகுப்பு முடியட்டும் என்கிறார் ஒருவர். ஆறாம் வகுப்பிலேயே எல்லாரும் போட்டுக்கொள்கிறார்கள், நாம் மட்டும் தடுத்து என்ன பயன் என்கிறார் இன்னொருவர். ஆறாம் வகுப்பில் படிக்கும் மகளும் மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகனும் உள்ள எனக்கு, இது வெறும் பேச்சுக்கான பொருள் அல்ல. வயதை மட்டும் விடையாகச் சொல்லி இதை முடித்துவிட முடியாது என்பது என் உறுதியான எண்ணம். பூசப்படுவது என்ன, எதற்காகப் பூசிக்கொள்ள விரும்புகிறாள் என்ற இரண்டையும் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகுதான் வயதைப் பற்றிப் பேசவே முடியும்.

நம் வீடுகளில் ஒப்பனை குழந்தை பிறந்த சில நாள்களிலேயே தொடங்கிவிடுகிறது. குளிப்பாட்டியதும் கண்ணுக்கு மை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, சற்று வளர்ந்ததும் ஆடி மாதத்தில் கை நிறைய மருதாணி, கிருஷ்ண ஜெயந்தி அன்று ஆண் பிள்ளைக்கும் நெற்றியில் நாமமும் உதட்டில் சாயமும் என்று அலங்கரித்துப் பார்த்து மகிழ்கிறவர்கள் நாம்தான். அப்படி வளரும் குழந்தை நான்கு வயதில் அம்மாவின் லிப்ஸ்டிக்கை எடுத்து உதட்டைத் தாண்டிக் கன்னம் வரை தீட்டிக்கொண்டு வந்து நிற்பதில் வியப்படைய ஒன்றுமில்லை. அப்பாவின் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு நடப்பதைப் போன்ற விளையாட்டுதான் அது. அந்த வயதில் ‘இது கெட்ட பழக்கம்’ என்று கண்டித்தால் குழந்தைக்குப் புரிவது வெட்கம் மட்டுமே. சிறிது நேரம் விளையாடவிட்டு, முகத்தைக் கழுவிவிட்டு, டப்பாவை எட்டாத உயரத்தில் வைத்தால் போதும். ஆண் பிள்ளை நகப்பூச்சு கேட்டாலும் இதுவே பொருந்தும். அக்காவின் விரல்களில் நீலம் பார்த்தால் தம்பிக்கும் நீலம் வேண்டும்; அதில் அவனைக் கேலி செய்வதற்கு எதுவும் இல்லை.

எனவே, என் கவலை குழந்தையின் ஆசையைப் பற்றியது அன்று. அந்த ஆசைக்காக அவர்கள் கையில் வந்து சேரும் பொருள்களைப் பற்றியது.

சிறு குழந்தைகளின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் அவர்களுக்குத் தோலின் பரப்பும் அதிகம். ஆகவே பூசுவதில் உள்ளே செல்லும் பங்கும் அவர்களுக்குக் கூடுதலாக அமையக்கூடும். லிப்ஸ்டிக்கை நாக்கால் நக்குவதும், நகப்பூச்சைக் கடித்துத் துப்புவதும், கண்ணில் வைத்த மையைக் கசக்கி அதே விரலை வாயில் வைப்பதும் அவர்கள் இயல்பு. நாம் மிகப் பழமையானது, பாதுகாப்பானது என்று நம்பும் கண்மையே இதற்கு முதல் எடுத்துக்காட்டு. சுர்மா என்று விற்கப்படும் கண்மைப் பொடிகள் பலவற்றில் ஈய சல்ஃபைடு என்ற கனிமம் கலந்திருப்பது பல நாடுகளின் ஆய்வகங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சுர்மா வகை மையை நிறமூட்டியாகப் பயன்படுத்த அனுமதிப்பதே இல்லை. குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. விளக்கெண்ணெய் ஊற்றி விளக்கேற்றி, கரி பிடித்து வீட்டில் செய்யும் மையில் ஈயம் இல்லாவிட்டாலும், விரலால் பச்சிளங்குழந்தையின் கண்ணுக்குள் தீட்டும்போது தொற்று வர வழியிருக்கிறது. பாட்டிமார்களின் மனம் நோகாமல் இதைச் சொல்ல வேண்டுமானால், கண்ணைத் தவிர்த்துவிட்டு உள்ளங்காலிலோ காதுக்குப் பின்னாலோ ஒரு பொட்டு வைக்கச் சொல்லலாம். எங்கள் வீட்டில் அத்தைப் பாட்டி அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

மருதாணியிலும் இதே போன்ற வேறுபாடு உண்டு. இலையை அரைத்து இட்டால் முதலில் ஆரஞ்சாகவும், மறுநாள் செம்பழுப்பாகவும் சிவக்கும். திருவிழாக் கடைகளில் ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கும் கூம்புகள் மருதாணி இலையால் அந்த நிறத்தைத் தருவதில்லை. தலைமுடிச் சாயத்தில் உள்ள பாரா ஃபினிலீன் டையமின் என்ற வேதிப்பொருளைக் கலந்துதான் பெரும்பாலும் அந்தக் கறுப்பைக் கொண்டுவருகிறார்கள். இது சில குழந்தைகளுக்குக் கொப்புளங்களை உண்டாக்கும். அதைவிட முக்கியமாக, ஒருமுறை இதற்கு ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடரும். முப்பது வயதில் தலைக்குச் சாயம் பூசும்போது முகமே வீங்கிப்போகலாம். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் பயன்படும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் நெற்றியில் வெண்திட்டு உண்டாக்குவதைத் தோல் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்து வருகிறார்கள். பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்போ நிறம் வெளுப்பதோ தெரிந்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

குழந்தைகளுக்கென்றே இளஞ்சிவப்புப் பெட்டியில் வரும் மேக்கப் செட்டுகள் பாதுகாப்பானவை என்று எண்ணுவதும் சரியல்ல. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம், சிறுமியரை வாடிக்கையாளர்களாகக் கொண்ட கடைகளில் விற்கப்பட்ட சில ஒப்பனைப் பொருள்களில், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது உறுதியானதாக அதே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவித்தது. முகப் பவுடருக்கு அடிப்படையான டால்க் கனிமம் பூமியில் ஆஸ்பெஸ்டாஸுக்கு அருகிலேயே கிடைப்பதால் இவ்வாறு கலந்துவிட வாய்ப்பு இருக்கிறது. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி, ஈயமோ ஆர்சனிக்கோ அடங்கிய நிறமூட்டிகளைச் சேர்க்கக் கூடாது. தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய கடைசி நாள் ஆகியவையும் அட்டையில் இருக்க வேண்டும். பேன்சி ஸ்டோரில் தொங்கும் பல செட்டுகளில் இவற்றுள் ஒன்றுகூட அச்சிடப்பட்டிருப்பதில்லை. அப்படிப்பட்டதைப் பிறந்தநாள் பரிசாக யார் கொடுத்தாலும் நான் குழந்தையின் கையில் தருவதில்லை.

இப்போது இன்னொரு வகை ஆசையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ரீல்ஸில் பார்த்துவிட்டுப் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகள் சீரம், ரெட்டினால், கிளைகாலிக் அமிலம் என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். ரெட்டினால் சுருக்கம் விழத் தொடங்கிய தோலுக்கானது. சுருக்கமே இல்லாத பிள்ளையின் முகத்தில் அது செய்யக்கூடியது எரிச்சலும் சிவப்பும் தோல் உரிதலும்தான். வெயில் தாங்கும் தன்மையையும் அது குறைக்கும். நம் ஊர் வெயிலில் இது சிறிய செய்தி அல்ல. சுவீடனில் அபோடெக் யார்டாட் என்ற மருந்துக்கடைக் குழுமம், இத்தகைய வயது முதிர்வுத் தடுப்புப் பொருள்களைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதில்லை என்று 2024 மார்ச்சில் முடிவெடுத்தது. மென்மையான முகக்கழுவி, தேவைப்பட்டால் ஈரப்பதம் காக்கும் க்ரீம், வெயிலில் விளையாடப் போனால் சன்ஸ்கிரீன் ஆகியவற்றுக்கு மேல் அந்த வயதுத் தோலுக்கு எதுவும் வேண்டியதில்லை. பரு வந்தால் தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் நாங்கள் வகுத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன். எல்லா வீட்டுக்கும் இதுவே பொருந்தும் என்று சொல்லவில்லை. தொடக்கப் பள்ளி வயதில் மருதாணியும் பண்டிகை நாளில் நகப்பூச்சும் போதும். பதினொன்று, பன்னிரண்டில் விசேஷங்களுக்கு நிறம் கலந்த லிப் பாம் பூசிக்கொள்ளலாம். பதின்மூன்றில் இருந்து தரமான ஐலைனரும் லிப்ஸ்டிக்கும் அவளுடைய சொந்தப் பொருள்களாக இருக்கலாம். ஆனால் தோழிகளோடு பகிர்ந்துகொள்ளக் கூடாது, ஏனென்றால் கண் நோயும் உதட்டுப் புண்ணும் அந்த வழியாகப் பரவும். உறங்குவதற்கு முன் கழுவிவிட வேண்டும், பள்ளிக்குப் பூசிச் செல்லக் கூடாது என்பவை மற்ற இரண்டு நிபந்தனைகள். முகம் முழுவதையும் மூடும் ஃபவுண்டேஷன் மட்டும் பதினாறுக்குப் பிறகு. இதில் மகளுக்கு முழு உடன்பாடு இல்லை. “அம்மா, லைனருக்கு மட்டும் பதின்மூன்று எதற்கு?” என்று வாதிடுகிறாள். வாதிடட்டும் என்றுதான் நானும் விடுகிறேன். மறைத்துப் பூசிக்கொள்வதைவிட என்னிடம் வாதிடுவது ஆயிரம் மடங்கு நல்லது. ஃபவுண்டேஷனைத் தள்ளிவைத்ததற்குக் காரணம் வேறு. உதட்டுச் சாயமும் கண்மையும், இருக்கிற முகத்தையே அலங்கரிக்கின்றன. ஃபவுண்டேஷனைக் கேட்கும் சிறுமி பெரும்பாலும் தன் முகத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று நம்பத் தொடங்கியிருப்பாள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் டப்பாவை வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது.

நம் ஊரில் அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியும். பக்கத்து மாநிலமான கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்கே ஒரு மருத்துவமனையில் பதிவான, சிறுநீரக வடிகட்டிகளைப் பாதிக்கும் ஒரு நோய்க்கு ஆளான 22 பேரில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகைப் பாதிப்பு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் க்ரீம் பயன்படுத்தியவர்கள். முதலில் வந்த நோயாளிகளுள் ஒருத்தி 14 வயதுச் சிறுமி. இத்தகைய க்ரீம்களில் கலக்கப்படும் பாதரசம் தோலில் நிறம் உருவாவதைத் தடுப்பதால்தான் அவை உடனே பலன் தருவதுபோல் தோன்றுகின்றன. தோல் வழியாக உள்ளே போகும் அதே பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. ‘சில நாள்களில் சிவப்பழகு’ என்று முகவரியில்லாமல் வரும் டப்பாவை எந்த வயதிலும், யாருக்கும், எங்கள் வீட்டில் அனுமதிப்பதில்லை. என் விதிகளுள் வயது வரம்பு இல்லாதது இது ஒன்றே.

ஆனால் அதே வெளுப்பு ஆசையை நாம் மேடை ஏற்றிக் கொண்டாடும் நாளும் ஒன்று இருக்கிறது. ஆண்டு முழுவதும் லிப்ஸ்டிக் கூடாது என்று கண்டித்த பெற்றோர், மகள் பெரியவள் ஆனதும் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பார்லர்க்காரரை வீட்டுக்கே வரவழைக்கிறார்கள். பதினொரு வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மணப்பெண்ணைப் போல் நாற்காலியில் உட்கார வைத்து, அவள் நிறத்தைவிட இரண்டு மூன்று படி வெளுத்த ஃபவுண்டேஷனை அடுக்கடுக்காகப் பூசி, கழுத்துக்கும் முகத்துக்கும் தொடர்பே இல்லாதபடி ஆக்கிவிடுகிறார்கள். உறவினர் அனைவரும் ‘என்ன அழகாக இருக்கிறாள்’ என்கிறார்கள். அந்தப் படம் ஃப்ளெக்ஸிலும் ஆல்பத்திலும் நிலைத்துவிடுகிறது. தன் உடல் மாறுகிறது என்ற குழப்பத்தில் இருக்கும் பிள்ளை, தான் பாராட்டப்பட்டது தன் நிறத்தை மறைத்த பிறகுதான் என்பதைக் கவனிக்காமல் இருப்பாளா? பள்ளி ஆண்டு விழாவிலும் இதுவே நடக்கிறது. ஒரே ஸ்பாஞ்சால் நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே வெளிர் நிறம் பூசப்படுகிறது.

விழாவே வேண்டாம் என்பவர்களோடு எனக்குப் பேதமில்லை. செய்ய விரும்புகிறவர்களைத் தடுக்கவும் எனக்கு உரிமையில்லை. அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. பார்லருக்கு முன்பணம் கொடுக்கும்போதே, பிள்ளையின் தாடைக்கும் கழுத்துக்கும் பொருந்தும் நிறத்தைத்தான் பூச வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் பயன்படுத்தும் பொருளை இரண்டு நாள் முன்னதாகவே அவள் முழங்கையின் உள்பக்கம் சிறிது தடவிப் பாருங்கள். தூரிகையையும் ஸ்பாஞ்சையும் கழுவியதாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். எவ்வளவு வேண்டும், என்ன நிறம் வேண்டும் என்பதை மாமியார், நாத்தனார், புகைப்படக்காரர் ஆகியோரைக் கேட்பதற்கு முன்பாக அவளிடம் கேளுங்கள். முடித்ததும் கண்ணாடியை அவள் கையில் கொடுங்கள். பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால், கூட்டம் காத்திருந்தாலும், துடைத்துவிடச் சொல்லுங்கள்.