சரிசெய்யாமல் கையெழுத்துப் போட்ட இரவு

மார்த்தாண்டத்தில் இருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வேலைக்குப் போய்வருகிறேன். விமானப் பராமரிப்புப் பொறியாளர். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு யாராவது வளைகுடாவில் இருப்பார்கள். அதனால் கல்யாண வீட்டில்கூட என்னிடம் கேட்பது இதுதான்: "பழுது இருக்குன்னு தெரிஞ்சும் பிளேனை எப்படி விடுதீங்க?" போன ஜூன் மாத இரவு ஷிஃப்ட் ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

வளைகுடாவில் இருந்து வந்திறங்கிய விமானம். பழுதுகளைப் பதியும் டெக் லாக்கில் கேப்டன் ஒரே வரி எழுதியிருந்தார்: ஏ.பி.யு. ஸ்டார்ட் ஆகவில்லை. அது வாலில் இருக்கும் சின்ன எஞ்சின். தரையில் நிற்கும்போது கரண்ட், ஏசிக்கான காற்று, பெரிய எஞ்சினைச் சுழற்றிவிடும் காற்று எல்லாம் அதிலிருந்துதான் வரும். திரும்பக் கிளம்ப நேரம் அதிகம் இல்லை.

இப்படி நேரங்களில் கை தானாக 'மெல்' புத்தகத்துக்குப் போகும். எந்தக் கருவி இல்லாமல், என்ன நிபந்தனையோடு, எத்தனை நாள் பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல் அது. விமானத் தயாரிப்பாளரின் மூலப் பட்டியலைவிட, விமானத்தை ஓட்டும் நிறுவனம் கடுமையாக வைத்துக்கொள்ளலாம், தளர்த்தக் கூடாது. இங்கே விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.வின் ஒப்புதலும் வேண்டும். ஆனால் புத்தகத்தைத் திறக்கும் முன், கெட்டுப்போனது உண்மையில் எது என்று தெரிந்தாக வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன்.

காரணம், 2008 ஆகஸ்ட் 20, மாட்ரிட். ஸ்பானேர் நிறுவனத்தின் எம்.டி.-82 விமானத்தில், வெளிக்காற்றின் வெப்பநிலையை அளக்கும் கருவியின் ஹீட்டர் தரையிலேயே சூடாகிக்கொண்டிருந்தது. சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டு, மெல்படி விமானத்தை விட்டார்கள். ஹீட்டர் கெடவில்லையே! சூடாகக் கூடாத நேரத்தில் ஏன் சூடாகிறது என்பதல்லவா கேள்வி? 'விமானம் தரையில் நிற்கிறது' என்று அந்த ஹீட்டருக்குச் சொல்லும் ரிலே என்ற மின் சுவிட்சுதான் டேக்-ஆஃப் எச்சரிக்கை மணிக்கும் சொல்கிறது. மேலெழும்ப உதவும் இறக்கை மடலான ஃபிளாப்பை இறக்காமல் ஓடியபோது மணி அடிக்கவில்லை. 154 பேர் இறந்தார்கள். ரிலேயில்தான் கோளாறு என்று விசாரணையால் அறுதியிட முடியவில்லை. இருந்தாலும், அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் எந்தப் பழுதையும் பிறகு சரிசெய்யலாம் என்று தள்ளிவைப்பதில்லை.

அன்றைக்கும் ஆயில், எரிபொருள் அழுத்தம், காற்றுக் குழாயில் கசிவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கசிவு என்றால் மெல்லில் பக்கமே வேறு. கோளாறு ஏ.பி.யு.வைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டரில்தான் என்று உறுதியான பிறகே புத்தகத்தைத் திறந்தேன். இந்தப் பழுது சி வகை: சரிசெய்ய, பதிவான நாளைச் சேர்க்காமல் 10 நாள் கெடு. பி வகைக்கு 3 நாள்தான்.

அப்புறம், ஏற்கெனவே தள்ளிவைத்த பழுது ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். பெரிய எஞ்சினின் ஜெனரேட்டர் ஒன்று ஏற்கெனவே போயிருந்தால் ஏ.பி.யு. கட்டாயம் ஓட வேண்டும். இரண்டையும் சேர்த்து விடவே முடியாது. அப்படி எதுவும் இல்லை. போய் இறங்கும் இடத்தில் கரண்ட் வண்டியும் ஏர் ஸ்டார்ட் வண்டியும் கிடைக்கும் என்று மெயின்டனன்ஸ் கன்ட்ரோல் உறுதி சொன்னது. ஏ.பி.யு. சுவிட்ச் பக்கத்தில் 'இயங்காது' என்று சொல்லும் 'இனாப்' ஸ்டிக்கர் ஒட்டி, டெக் லாக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கேப்டன் வேண்டாம் என்றால் விமானம் நிற்கும். அவரை யாரும் வற்புறுத்த முடியாது. அவர் வைப்பர் எப்படி என்று கேட்டார். வெளியே மழை. 2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோடு விபத்தில், இறங்க எடுத்த முதல் முயற்சியிலேயே கேப்டன் பக்கத்து வைப்பர் நின்றுபோனது. அன்று வைப்பர் பழுது என்றால் நானே விட்டிருக்க மாட்டேன். போட்டுக் காட்டினேன். சம்மதித்தார்.

ஆட்கள் ஏறியதும் உள்ளே ஒரே புழுக்கம். தேங்காய்ப்பட்டணத்துப் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மக்களே, சரியாக்கித்தான் விடுதியளா?"

"சரியாக்கல, மாமா. வால்ல உள்ள சின்ன எஞ்சின் ஓடாது. அது தரையிலதான் வேணும். மேல போனா பெரிய எஞ்சின் ரெண்டும் எல்லாம் தரும், குளிரும்."

அவர் கையை விட்டார்.

வண்டிக் காற்றில் முதல் எஞ்சினை ஸ்டாண்டிலேயே ஸ்டார்ட் செய்தோம். ஓடும் எஞ்சினுக்குப் பக்கத்தில் குழாயைக் கழற்ற வேண்டும். எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் கூடாது என்று கழற்றும் பையனிடம் ஏற்கெனவே நடந்து காட்டியிருந்தேன். அதன் காற்றிலேயே இரண்டாவது எஞ்சின் எடுத்தது.

கெடு முடியும் முன்பே ஸ்டார்ட்டர் ஜெனரேட்டரை மாற்றி, ஏ.பி.யு.வை ஓட்டிப் பார்த்து, ஸ்டிக்கரைக் கிழித்துப் பதிவை முடித்துவிட்டார்கள்.