கத்திரிக்கு முன்னால் கொல்லையில் முடித்த வேலைகள்

திருச்சிப் பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மாசி பாதியிலிருந்து பங்குனி கடைசி வரைதான் கையில் இருக்கும் நேரம். மே 4-ஐ ஒட்டிக் கத்திரி வெயில் பிறந்துவிடும், 28 வரைக்கும் நிற்கும். அப்போது தண்ணீர் காட்டுவதைத் தவிர உருப்படியாக ஒன்றும் நடக்காது. வெட்டுவது, நடுவது, மூடுவது எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதனால் என் வேலைக் கணக்கெல்லாம் கத்திரியிலிருந்து பின்னோக்கித்தான். இந்த வருஷம் செய்ததையும், அதில் எது எப்படி வந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மாசி: வெட்டும் வேலை

முதலில் கத்தரி. ஆடியில் விதைத்த செடிகள் தை வரை காய்த்துக் களைத்துப் போயிருந்தன. இலை சிறுத்து, காயும் சிறுத்துவிட்டது. பிடுங்கிப் போட மனம் இல்லை. வேர் நன்றாக இறங்கிய செடி வெயிலைத் தாங்கும், புதிதாக நட்ட நாற்று தாங்காது. தரையிலிருந்து ஒரு அடி விட்டு, கூர்மையான கத்தியால் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் சாணியைக் குழைத்துப் பூசினேன். ஒவ்வொரு செடியின் தூரிலும் ஒரு கூடை மட்கிய தொழுவுரம். மறுதாம்பு, அதாவது வெட்டிய செடியின் மறுவளர்ச்சி, அடிக்கணுவிலிருந்தே துளிர்த்தது. துளிர் ஒரு சாண் வளர்ந்ததும் நுனி தொங்குகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். ஈரம் இருக்கும்போதும் நுனி மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கிறது என்று அர்த்தம். வாடின இடத்துக்கு நான்கு விரல் கீழே கிள்ளி, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுவேன். இந்தப் பழக்கம் ஒன்றே பாதி சொத்தையைக் குறைத்துவிடுகிறது.

தக்காளியை இந்தப் பருவத்தில் நான் அதிகம் துரத்துவதில்லை. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாகிவிட்டால் மகரந்தம் வீரியம் இழந்து பூ உதிர்ந்துவிடும். எரு போட்டாலும் மருந்து அடித்தாலும் அது மாறாது. நான்கு செடியை மட்டும் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட்டேன். நிழல்வலையைத் தலைக்கு மேல் மட்டும் கட்டாமல் மேற்குப் பக்கமும் தொங்கவிட்டிருக்கிறேன். எங்கள் கொல்லையில் செடியைச் சுருட்டுவது மூன்று மணி வெயில்தான்.

கறிவேப்பிலையில் பூங்கொத்தைக் கிள்ளி எடுத்தாயிற்று. பூவும் பழமுமாக விட்டால் இலை நின்றுபோகும். பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டியிருந்த புழுக்களை மட்டும் அப்படியே விட்டேன். வளர்ந்து பச்சையாகி, வண்ணத்துப்பூச்சியாகப் பறந்துபோகும். பெரிய மரத்துக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

விதைத்தவை

தைப்பட்டத்தில் விட்டதை மாசியில் பிடித்துக்கொள்ளலாம். வெண்டை, கொத்தவரை, சுரை, பீர்க்கை, சிறுகீரை என்று வெயிலுக்கு அஞ்சாதவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். வெண்டை விதையை இரவு ஊறவைத்து, காலையில் ஈரத்துணியில் கட்டி, முளை எட்டிப்பார்த்ததும் ஊன்றினேன். செடிக்குச் செடி ஒரு அடி. நாற்பத்தைந்து நாளில் காய் வந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிப்போகும். ஒரு செடியில் மட்டும் இலை நரம்பு மஞ்சளாக ஓடிப் பின்னியது. மஞ்சள் நரம்பு நோய். வெள்ளை ஈ பரப்புவது, குணமாகாது. யோசிக்காமல் வேரோடு பிடுங்கிவிட்டேன். பக்கத்துச் செடிகளுக்குப் பரவவில்லை.

சிறுகீரை 25 நாளில் சட்டிக்கு வந்துவிடும். அதைத் தனிப் பாத்தியில் போடாமல் வெண்டை வரிசைகளுக்கு நடுவே தூவினேன். வெண்டை குடை விரிக்கும் முன் கீரை வீட்டுக்குள் வந்துவிட்டது.

மூடாக்கு

இந்தப் பருவத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான், மண்ணைச் சருகால் மூடுவதைத்தான் செய்வேன். எங்கள் மண் காவிரி வண்டல். ஈரமாக இருக்கும்போது வெண்ணெய். காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிப்பு விழுந்தால் மெல்லிய வேர்கள் அறுந்துபோகின்றன. விடும் தண்ணீரும் வெடிப்பு வழியே நேராகக் கீழே இறங்கிவிடுகிறது.

பங்குனி பிறந்ததும் பாத்தி முழுக்கத் தண்ணீர் விட்டு நன்றாக ஊறவைத்தேன். மறுநாள் காலை, மண் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த இலை. வேம்பும் மாவும் வசந்தத்தில் உதிர்ப்பதால் சருகுக்குக் குறைவில்லை. கூட்டிக் கொளுத்துகிற சருகையெல்லாம் தெருவில் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த வீட்டு அக்கா, "குப்பையைப் போய்க் கேட்கிறியே தம்பி" என்றபடியே சாக்குச் சாக்காகக் கொடுத்தார்கள். மேலே கொஞ்சம் காய்ந்த கரும்புத் தோகை, காற்றில் பறக்காமல் இருக்க. தண்டை ஒட்டிப் போடக் கூடாது. நான்கு விரல் இடம் விட வேண்டும், இல்லையென்றால் தூர் அழுகும். தென்னை மட்டையை நான் சேர்க்கவில்லை. எங்கள் இடத்தில் கரையான் உடனே ஏறிவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூலையை மூடாமல் விட்டிருந்தேன். பங்குனி நடுவில், கடைசியாகத் தண்ணீர் விட்டு மூன்றாம் நாள் பகல், இரண்டு இடத்திலும் விரலை விட்டுப் பார்த்தேன். மூடாத இடத்தில் நகக்கண் வரைதான் இறங்கியது. மண் சூடு கையில் தெரிந்தது. சருகை விலக்கிய இடத்தில் விரல் இரண்டாம் கணு வரை வழுக்கிக்கொண்டு போனது. மண் குளிர்ச்சி, நல்ல வாசனை, சருகின் அடிப்புறம் வெள்ளை நூலாகப் பூசணம் படர்ந்து பாதி மட்கிப்போயிருந்தது, ஒரு மண்புழு சுருண்டு உள்ளே போனது. அந்த மூலையையும் அன்று சாயங்காலமே நனைத்து மூடிவிட்டேன்.

தண்ணீர் விடும்போது சருகின் மேல் அடிக்காமல் குழாய் முனையைச் சருகுக்குள் நுழைத்து விடுகிறேன். இன்னொன்று: வெயிலில் கிடக்கும் ஹோஸ் குழாயில் முதலில் வருவது வெந்நீர். அதை வாளியில் பிடித்து ஆறவைத்துவிட்டுப் பிறகுதான் செடிக்குத் திருப்ப வேண்டும். நாற்றுக்கு அது மிகவும் முக்கியம்.

ஒரு பாத்தி மட்டும் சருகு மூடாக்கு இல்லாமல்

"சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்பார்கள், கோடையில் மண்ணைக் கிளறி வெயில் காட்டுவது அவ்வளவு நல்லது என்று. மூடாக்கைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆனால் பயிர் நிற்கும் பாத்திக்கு ஒரு நியாயம், சும்மா கிடக்கும் பாத்திக்கு வேறு நியாயம். தக்காளியைப் பிடுங்கிய பாத்தியில் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது, வேர்முடிச்சு நூற்புழு. அந்த வேர்களை மட்கு குழியில் போடாமல் காயவைத்து எரித்தேன். பாத்தியை ஒரு முழ ஆழம் கொத்தி, கட்டி உடைத்து, தண்ணீர் தெளித்து, ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளால் இறுக்கமாக மூடி ஓரமெல்லாம் மண் அணைத்தேன். கறுப்புத் தாளைவிட ஒளி ஊடுருவும் தாள்தான் மண்ணைச் சூடாக்கும். ஈரம் இருந்தால்தான் சூடு கீழே இறங்கும். ஆறு வாரம் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். ஆடியில் அங்கே தக்காளி, கத்தரி எதுவும் வைப்பதாக இல்லை; சோளமும் செண்டுமல்லியும்தான்.

தென்னையிலிருந்து சொட்டிய பாகு

இந்தப் பருவத்தில் என்னை அதிகம் வேலை வாங்கியது சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்டு, பிறகு தென்னை இருக்கும் இடமெல்லாம் பரவிய பூச்சி. மழையில்லாத வறண்ட மாதங்களில்தான் பெருகும். தென்னை ஓலையின் அடிப்புறம் சுருள் சுருளாக வெள்ளை மெழுகு, அதில் முட்டை. அது வெளியேற்றும் இனிப்புப் பாகு கீழே உள்ள கொய்யா, கறிவேப்பிலை, செம்பருத்தி மேலெல்லாம் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்து, இலை கரி பூசினாற்போல் ஆகிவிட்டது. வெளிச்சம் படாமல் கொய்யா சோர்ந்து நின்றது.

கடையில் போய்க் கேட்டால் வீரியமான மருந்தைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். நான் வாங்கவில்லை. இந்த ஈயின் இளம்பருவத்துக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்கிற என்கார்சியா என்ற மிகச்சிறிய குளவி நம் ஊரில் தானாகவே பெருகியிருக்கிறது. மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் அழிந்தன. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த அசெரோபேகஸ் குளவியை விட்ட பிறகுதான் அடங்கியது. அதைப் பார்த்தவர்களுக்குக் குளவி மேல் நம்பிக்கை வராமல் இருக்காது.

அதனால் செய்தது இவ்வளவுதான். தாழ்ந்த ஓலைகளின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினேன். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஆறடி உயரத்தில் கட்டினேன். கரி படிந்த கொய்யாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிய பசையைத் தெளித்தேன். வெயிலில் அது காய்ந்து, கறுப்போடு சேர்ந்து ஏடு ஏடாக உரிந்து விழுந்தது. அடியில் பச்சை இலை பளிச்சென்று தெரிந்ததைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு லென்ஸை வைத்து ஓலையைப் பார்த்தபோது, வெள்ளையாக இருக்க வேண்டிய கூட்டுப்புழுக்களில் சில கறுத்திருந்தன. குளவி புகுந்தவை அப்படித்தான் கறுக்கும். அந்த ஓலைத் துண்டுகளை நறுக்கி, குளவி இன்னும் எட்டாத மரத்தின் மட்டையில் செருகி வைத்தேன். ஈ இன்னும் இருக்கிறது, சொட்டுவது குறைந்திருக்கிறது.

மல்லியும் சுரையும்

குண்டு மல்லியைக் கார்த்திகையிலேயே கவாத்து செய்தாயிற்று. பங்குனியில் மொட்டுப் பிடித்தது. இப்போதைக்கு வேலை, ஒரு சுற்றுப் பூத்து முடித்த கிளையின் நுனியை இரண்டு ஜோடி இலையோடு வெட்டிவிடுவதும், ஊதா நிறமாகிப் பின்னிக் கிடக்கும் மொட்டுக்கொத்தைப் பறித்து அழிப்பதும்தான். இலையில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் செம்பேன். இலையடியில் தண்ணீர் அடித்தாலே போதும்.

சுரைக்கு வேலை சாயங்காலம். ஐந்தரை மணிக்கு மேல்தான் வெள்ளைப் பூக்கள் விரியும். விட்டில் வரவு குறைவான கொல்லை என்பதால் நானே மகரந்தம் சேர்க்கிறேன். ஆண் பூவுக்கு நீண்ட மெல்லிய காம்பு. பெண் பூவுக்குக் கீழே மெல்லிய ரோமத்தோடு குட்டிச் சுரைக்காய் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஆண் பூவைப் பறித்து, இதழை மடக்கி உரித்து, நடுவிலிருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் மூன்று பிளவு முடியில் மெதுவாகத் தடவ வேண்டும். மஞ்சள் தூள் ஒட்டியது கண்ணுக்குத் தெரியும். இரண்டு மூன்று நாளில் காம்பு வளைந்து காய் கீழ்நோக்கித் தொங்கினால் பிடித்துவிட்டது. நுனி மஞ்சளித்தால் இல்லை. தடவி விட்டதில் பெரும்பாலும் பிடித்திருக்கிறது. முதல் காயை அம்மா பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டாக வைத்தார்.

வேப்பமரத்தடியில் பழைய வேட்டியை விரித்திருக்கிறோம். தினமும் காலையில் சேரும் பூவைத் திண்ணையில் காயவைத்து, வருஷப்பிறப்புப் பச்சடிக்கு எடுத்துக்கொண்டு மீதியை டப்பாவில் அடைக்கிறோம். முருங்கையில் காய் தொங்குகிறது. அது முடிந்தபின் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வெட்ட வேண்டும். கத்திரிக்குள் பாக்கி இருப்பது மண்புழு உரத் தொட்டியை மேற்குச் சுவரோரத்திலிருந்து நகர்த்தி ஈரச்சாக்கு போர்த்துவதும், நிழல்வலையின் கயிற்றை மாற்றுவதும். இரண்டையும் இந்த ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன்.