புரோவான்ஸின் நான்கு சகோதரிகளுக்கு ஒரு கால வரைபடம்

இடைக்கால ஐரோப்பிய அரச குடும்பங்களின் கொடிவழியை வரைந்து பார்ப்பது சில காலமாக என் ஓய்வுநேர வேலையாக இருந்து வருகிறது. அச்சில் கிடைக்கும் கொடிவழிப் படங்கள் பெரும்பாலும் தந்தைவழியில் இறங்குபவை. அவற்றில் ஒரு பெண் கணவனின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறியோடு தோன்றி, பிள்ளைகளின் பெயர்களோடு முடிந்துவிடுகிறாள். பெண்களின் ஆயுளையே அடிப்படையாக வைத்து வரைந்தால் என்ன புலப்படும் என்று பார்க்க விரும்பி, இன்றைய தென்கிழக்குப் பிரான்சில் உள்ள புரோவான்ஸின் பிரபு ரமோன் பெரெங்கேருக்கும் சவாய் குடும்பத்துப் பியாட்ரிஸுக்கும் பிறந்த நான்கு மகள்களைத் தேர்ந்தெடுத்தேன். மார்கரெட், எலினோர், சாஞ்சா, தாயின் பெயரையே கொண்ட பியாட்ரிஸ் என்ற அந்த நால்வருமே அரசிகளானவர்கள்.

கிராஃப் தாள்களை நீளவாக்கில் ஒட்டி, 1220 முதல் 1300 வரை ஆண்டுக்கு ஒரு கட்டம் ஒதுக்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு வண்ணத்தில் கோடு இழுத்தேன். திருமணத்துக்கு வட்டம், மகப்பேற்றுக்குப் புள்ளி, முடிசூட்டுக்கு முக்கோணம் என்று குறியிட்டேன். இளையவர்கள் இருவரின் பிறந்த ஆண்டு ஆவணங்களில் உறுதியாகப் பதிவாகாததால், அவர்களுடைய கோடுகள் விட்டுவிட்டுத்தான் தொடங்குகின்றன.

முதல் வட்டம் 1234-இல் விழுகிறது. அந்த ஆண்டு மே மாதம் சான்ஸ் நகரில் மார்கரெட்டுக்கும் பிரான்சின் ஒன்பதாம் லூயிக்கும் திருமணம் நடந்தபோது மணப்பெண்ணுக்கு ஏறக்குறைய 13 வயது. 1236 ஜனவரியில் கேன்டர்பரியில் இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றியை மணந்த எலினோருக்கு 12 வயதளவில் இருக்கலாம், மணமகனுக்கோ 28. வட்டத்துக்கும் முதல் மகப்பேற்றுப் புள்ளிக்கும் இடையே எத்தனை கட்டங்கள் இருக்கின்றன என்பதையே நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எலினோருக்கு 1239-இல் எட்வர்ட் பிறக்கிறான். மார்கரெட்டின் கோட்டில் 1240 வரை எந்தப் புள்ளியும் இல்லை. வாரிசைப் பெற்றுத் தரவே அழைத்து வரப்பட்ட ஒரு சிறுமிக்கு அந்த ஆறு ஆண்டுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்ற எண்ணம், அதுவும் மாமியார் பிளான்ஷ் முழு அதிகாரத்தோடு அதே அரண்மனையில் இருந்த நிலையில், அந்த வெற்றுக் கட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழுகிறது.

மார்கரெட்டின் கோட்டில் 1250, 1251, 1253 ஆகிய மூன்று புள்ளிகளும் பிரான்சுக்கு வெளியே விழுகின்றன. சிலுவைப் போருக்குச் சென்ற கணவரோடு அவரும் கப்பலேறியிருந்தார். 1250 ஏப்ரலில் லூயி எகிப்தில் சிறைபிடிக்கப்பட்ட சில நாட்களுக்குள் தமியேட்டா நகரில் மகன் ழான் திரிஸ்தானைப் பெற்றெடுத்தார். பிரசவித்த படுக்கையிலிருந்தே, நகரைக் கைவிட்டுக் கிளம்பவிருந்த பீசா, ஜெனோவா நகரத்தாரை அழைத்து, உணவுப் பொருளை அரசரின் செலவில் வாங்கித் தருவதாகச் சொல்லி நிறுத்திவைத்தார் என்று, அப்படையெடுப்பில் பங்கேற்ற ஜாய்ன்வில் எழுதிவைத்திருக்கிறார். தமியேட்டா கையில் இருந்ததால்தான் அதையே ஈடாகக் கொடுத்து அரசரை மீட்க முடிந்தது. வழக்கமான கொடிவழிப் படத்தில் இந்த நிகழ்வுக்கு ஒரு மகனின் பெயர் மட்டுமே மிஞ்சும்.

அடுத்து, கோடுகளுக்குக் கீழே சொத்துக்கென்று ஒரு தனிப் பட்டையைச் சேர்த்தேன். படத்துக்கு உயிர் வந்தது அதன் பிறகுதான். மார்கரெட்டுக்குச் சீதனமாக உறுதி கூறப்பட்ட பத்தாயிரம் வெள்ளி மார்க்கு முழுமையாகக் கொடுக்கப்படவே இல்லை. 1245-இல் தந்தை இறந்தபோது, புரோவான்ஸ் முழுவதும் கடைசி மகள் பியாட்ரிஸுக்கு என்று உயில் இருந்தது. அடுத்த ஜனவரியிலேயே லூயியின் தம்பி சார்லஸ் அவரை மணந்துகொண்டார். தங்களுக்குரிய பங்கு பறிபோனதாக மூத்த சகோதரிகள் கொண்ட மனக்குறை, 1267-இல் பியாட்ரிஸ் இறந்த பிறகும் தீராமல், 1281-இல் மார்கரெட் சார்லஸுக்கு எதிராக மாகோன் நகரில் ஒரு கூட்டணி திரட்டும் வரை நீண்டது. கணவர்களின் போர்களாக மட்டும் படித்திருந்த பல செய்திகளுக்குப் பின்னால் இந்தப் பாகப்பிரிவினை வழக்கு இருந்தது என்பதை அந்தப் பட்டைதான் எனக்கு விளங்கவைத்தது.

சாஞ்சாவின் கோடு குட்டையானது. 1241-இல் துலூஸ் பிரபுவுக்கு அவரை மணமுடிக்கச் செய்த ஏற்பாடு போப்பாண்டவர் இறந்ததால் நின்றுபோக, 1243-இல் ஹென்றியின் தம்பி ரிச்சர்டை மணந்தார். 1257-இல் ஆஹனில் ஜெர்மானியரின் அரசியாக முடிசூடி, 1261-இல் இறந்தார்.

நான்கு கோடுகளையும் 1254-ஆம் ஆண்டின் கடைசிக் கட்டத்தில் ஒன்றாக இணைத்திருக்கிறேன். அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சகோதரிகளும் தாயும் பாரிசில் கூடினார்கள். பல ஆண்டுகளாகப் பகைத்திருந்த லூயி, ஹென்றி என்ற இரு அரசர்களும் அங்கே நெருங்கிப் பழகியதன் தொடர்ச்சியாகவே 1259-இன் பாரிஸ் உடன்படிக்கையைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது அடுத்த தலைமுறைக்கான தாளை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். எலினோரின் மகள் மார்கரெட் 1251-இல் ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் அலெக்சாந்தரை மணந்தபோது அவளுக்கு வயது 11. ஆனால் 1282-இல், எலினோரின் பேத்தியை, அதாவது எட்வர்டின் மகளை, இன்றைய ஸ்பெயினில் இருந்த அரகோன் நாட்டுக்கு மணமகளாக அனுப்பும் பேச்சு எழுந்தபோது, அவள் இன்னும் மிகச் சிறியவள் என்பதால் இப்போது அனுப்பத் தன் தாயும் மனைவியும் இசையவில்லை என்று முதலாம் எட்வர்ட் கடிதம் எழுதினார். அந்தத் தாய், 12 வயதில் மணமேடை ஏறிய அதே எலினோர். இந்த மறுப்புக்கென்று ஒரு புதிய குறி தேவைப்படுகிறது. எலினோரின் கோட்டின் மேல் ஒரு குறுக்குக் கீற்றாக அதை இட்டு, அங்கிருந்து பேத்தியின் கோட்டுக்கு ஓர் இணைப்பு வரைய எண்ணியிருக்கிறேன்.