கல்லடிக் கடற்கரையில் பறந்த கூரையும் அதன் பிறகு வாங்கிய கெசிபோவும்

ஓகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டில் இருப்பவர்களும் கொழும்பில் இருப்பவர்களும் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டால், எங்கள் குடும்பத்துக்கு வீட்டு முற்றம் போதாது. சமைத்த சோற்றுச் சட்டிகளையும் பாய்களையும் தூக்கிக்கொண்டு ஒரு நாள் மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைக்கோ, இன்னொரு நாள் உன்னிச்சைக் குளத்துப் பக்கமோ, வசதிப்பட்டால் அறுகம்பை வரையோ போய்வருவது பல ஆண்டு வழக்கம். முன்பெல்லாம் நிழலுக்கு அண்ணன் வீட்டுத் தறப்பாளை நான்கு கம்புகளில் இழுத்துக் கட்டுவோம். அது கட்டி முடிவதற்குள் பாதிப் பேருக்குப் பசி வந்துவிடும். அண்ணனுக்குக் கோபம் வந்துவிடும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் 2023 இல் மடித்து விரிக்கும் கெசிபோ ஒன்றை இணையவழியில் வாங்கினேன். தோட்டத்தில் காட்சி பார்ப்பதற்காகக் கட்டும் மண்டபத்துக்கு உரிய பெயர் அது. இன்று நான்கு கால்களும் துணிக் கூரையும் உள்ள எதுவும் அந்தப் பெயரில் விற்பனைக்கு வந்துவிடுகிறது.

படத்தில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர், நீல நிறம், பன்னிரண்டு கிலோ எடை, இரண்டு பேர் இரண்டு நிமிடத்தில் விரித்துவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு நிமிடம் மட்டும் பொய்யில்லை. காலையில் கடற்கரையில் விரித்து, கூடவே வந்த பென்சில் தடிப்பான கம்பி முளைகளை மணலில் குத்திவிட்டு, எல்லோரும் உள்ளே அமர்ந்தோம். கரைவலைக்காரர் ஒருவர், எங்கள் அப்பா வயதிருக்கும், போகிற போக்கில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். “மனே, கூரையெண்டு சொல்லிப் பாயக் கட்டி வெச்சிருக்கீங்க. காத்துக் கிறுகினா இது நிக்காது” என்றார். அவர் சொன்னது உட்காரும் பாயை அல்ல, தோணிப் பாயை. நாங்கள் சிரித்துவிட்டு, வாங்கோ, சாப்பிட்டுப் போங்கோ என்று சொன்னோம்.

காலையிலிருந்து மேற்கே தரைப் பக்கமிருந்து வீசிய கச்சான் காற்று, மத்தியானம் தாண்டியதும் நின்று, சற்று நேரத்தில் கடற்பக்கமிருந்து எழுந்தது. முதலில் கடலைப் பார்த்திருந்த இரண்டு கால்களும் ஒரு சாண் மேலே எழும்பின. மச்சான் எட்டி ஒரு காலைப் பிடித்தார். மற்றக் கால் அவரையும் இழுத்துக்கொண்டு போனது. சொதிச் சட்டி கவிழ்ந்தது. கூரை தலைகீழாகப் புரண்டு இருபது முப்பது அடி போய், ஒரு தோணியின் அணியத்தில் மோதி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை என்பதை இன்றுவரை ஆச்சரியமாகத்தான் நினைக்கிறேன். 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியில் வீட்டுக் கூரை போனதைக் கண்ணால் கண்டவர் எங்கள் அம்மா. அவர் அதற்குப் பிறகு அன்று முழுவதும் நாங்கள் வந்த வான் வண்டிக்குள்ளேயே இருந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து, காலும் சட்டமும் சேரும் இடத்தில் முறிந்திருந்த மூட்டு ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு. திருகாணி போகும் ஓட்டையைச் சுற்றி மயிரிழை போல வெள்ளைக் கோடுகள் ஓடியிருந்தன. அவற்றுள் ஒன்று விளிம்புவரை போய் அங்கேதான் பிளந்திருந்தது. மற்ற மூட்டுகளையும் பார்த்தால், முறியாத மூன்றிலும் அதே கோடுகள் தொடங்கியிருந்தன. காற்று அன்று முறித்திராவிட்டால் அடுத்த பயணத்தில் தானாகவே முறிந்திருக்கும். அந்த ஒற்றை மூட்டு மட்டும் கிடைக்குமா என்று விற்றவர்களிடம் கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

இரண்டாவது தடவை கெசிபோ வாங்க எனக்கு ஏழு மாதம் எடுத்தது. இந்த முறை கடையில் விரித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். கூரைத் துணியைத் தடவிப் பார்ப்பதற்கு முன் சட்டகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. பக்கம் ஒன்றுக்குக் கத்தரி போல மடியும் குறுக்குச் சட்டங்கள் ஒரு சோடி மட்டும் இருந்தால் அது வீட்டு முற்றத்துக்குரியது. இரண்டு சோடி இருந்தால் கடற்கரைக்குக் கொண்டுபோவதைப் பற்றி யோசிக்கலாம். ஒரு காலைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். எதிர் மூலையில் உள்ள கால் எவ்வளவு தாமதித்து ஆடுகிறதோ, அவ்வளவுக்கு மூட்டுகள் தளர்ந்தவை என்று பொருள். மூட்டு பிளாஸ்டிக்காக இருந்தால் தனியாக மாற்றுத் துண்டு விற்கிறார்களா என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள்; பிறகு கேட்பதில் பயனில்லை என்பதை நான் காசு கொடுத்துப் படித்திருக்கிறேன்.

இரும்பா, அலுமினியமா என்பதில் என்னால் ஒரே பதில் சொல்ல முடியாது. இரும்பு பாரமானது, மலிவானது, எளிதில் வளையாது. ஆனால் அதன்மேல் பூசிய வர்ணத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும், கடல் உப்பு அங்கிருந்து உள்ளே போகத் தொடங்கிவிடும். கால் நீட்டும் பகுதியில் துரு பிடித்தால் பிறகு கால் உள்ளே போகவும் மாட்டாது, வெளியே வரவும் மாட்டாது. அலுமினியம் அப்படித் துருப்பிடிக்காது, தூக்கவும் இலேசு, விலைதான் எட்டாது. வருடத்தில் இரண்டு மூன்று தடவை கடற்கரைக்குப் போகும் எங்களைப் போன்றவர்களுக்கு, நல்ல தடிப்புள்ள இரும்புச் சட்டகத்தை வாங்கி, வீட்டுக்கு வந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து வைப்பது போதும். கடற்கரையிலேயே தொழில் செய்பவர் கடன் வாங்கியாவது அலுமினியத்தை வாங்குவது நல்லது.

அளவில் ஏமாறுவது மிக எளிது. சில கெசிபோக்களின் கால்கள் நேராக நிற்காமல் வெளிப்பக்கமாகச் சரிந்து நிற்கும். பெட்டியில் மூன்று மீற்றர் என்று போட்டிருப்பது நிலத்தில் கால்களுக்கு இடையே உள்ள தூரம். மேலே கூரை 2.4 மீற்றர்தான் இருக்கும். ஒன்பது சதுர மீற்றர் நிழல் என்று நினைத்து வாங்கியவருக்குக் கிடைப்பது ஆறு சதுர மீற்றருக்கும் குறைவு. நேர்க்கால் உள்ள மூன்றுக்கு மூன்றில் மேசை போட்டால் எட்டுப் பேர் அமரலாம். பாய் விரித்து அமர்ந்தால் பதினைந்து பேர் வரை நெருங்கிச் சாப்பிடலாம். எங்களுக்கு அதுவும் போதாது என்பதால், மூன்றுக்கு ஆறு மீற்றரில் பெரியதொன்றை வாங்கலாம் என்றார் மச்சான். நான் மறுத்து, மூன்றுக்கு மூன்றில் இரண்டு வாங்கினேன். ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும், சிறிய பயணத்துக்கு ஒன்றை மட்டும் கொண்டுபோகலாம், முக்கியமாக, காற்று எழும்பும்போது இரண்டு பேர் ஒன்றை மடித்துவிடலாம். மடித்தால் ஒன்றரை மீற்றருக்குச் சற்று அதிகமாக நீளும். ஓட்டோவில் குறுக்கே வைக்க முடியாது, வானின் இருக்கைகளுக்கு நடுவே நீளவாக்கில் போகும்.

துணியைப் பற்றி விற்பவர்கள் 300 டி, 420 டி, 600 டி என்று எண் சொல்வார்கள். அது நூலின் பருமனைக் குறிக்கும்: 9,000 மீற்றர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அந்த எண். எண் கூடினால் துணி தடிக்கும். ஆனால் தண்ணீரைத் தடுப்பது உட்பக்கத்தில் பூசியிருக்கும் பூச்சும், தையலின் மேல் ஒட்டியிருக்கும் பட்டியும்தான். கூரையின் மூலைகளை உள்ளிருந்து பார்க்க வேண்டும். தையல் ஓட்டைகளினூடாக வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மழையும் அதே வழியால் வரும். உட்புறம் வெள்ளிப் பூச்சுள்ள துணியின் கீழே வெக்கை குறைவாக இருப்பதை நாங்கள் உணர்ந்திருக்கிறோம். மழை பெய்யும்போது துணி தளர்ந்திருந்தால் தண்ணீர் தேங்கும். ஒரு சதுர மீற்றரில் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தேங்கினாலே பத்துக் கிலோ. சட்டங்களை வளைக்க அது போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இதை நம்பி வெளியே போகாதீர்கள். இடி முழங்கினால் இன்னும் மோசம்: வெட்ட வெளியில் நான்கு உலோகக் கால்களுக்கு நடுவே நிற்காமல் வாகனத்துக்குள் ஏறிவிட வேண்டும்.

பக்கச் சுவர்கள் தேவையா என்று பலர் கேட்கிறார்கள். ஓகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நம் தலைக்கு நேர்மேலே நிற்பதால், பன்னிரண்டு மணிக்கு நிழல் கூரைக்கு நேர்கீழே விழும். நான்கு மணியாகும்போது, இரண்டு மீற்றர் உயரத்தில் நிற்கும் கூரையின் நிழல் மூன்று மீற்றருக்கும் மேல் கிழக்கே நகர்ந்திருக்கும். அதாவது கூரைக்குக் கீழே அமர்ந்திருப்பவர்கள் வெயிலில் இருப்பார்கள், நிழல் வெறும் மணலில் கிடக்கும். ஆகவே மேற்குப் பக்கத்துக்கு ஒரு சுவர் வேண்டும். ஆனால் கச்சான் வருவதும் அதே மேற்கிலிருந்துதான். முழுத் துணிச் சுவரைக் கட்டினால் காற்று முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும் என்பதால், நாங்கள் பயிர்களுக்கு மேலே கட்டும் பச்சை நிழல்வலையை வாங்கி அந்தப் பக்கத்தில் கட்டுகிறோம். வெயிலைத் தணிக்கும், காற்றைப் போகவும் விடும். இரவு தங்குவதென்றால் கதை வேறு. கெசிபோவின் கீழே சமையலும் சாப்பாடும் நடக்கலாம், படுப்பதற்கு வலை மூடிய தனிக் கூடாரம் வேண்டும். உன்னிச்சையிலோ இங்கினியாகலைப் பக்கத்திலோ குளக்கரை நுளம்பு மாலை ஆறு மணிக்கே வேலையைத் தொடங்கிவிடும். அங்கெல்லாம் யானையும் வரும் என்பதால், இடத்தை ஊரவரிடம் கேட்டுத்தான் தெரிவு செய்ய வேண்டும், மிச்ச உணவை வெளியே வைக்கக் கூடாது. அடுப்பைக் கூரைக்குக் கீழே மூட்டாதீர்கள். பொலியெஸ்டர் எரியும்போது உருகிச் சொட்டும்.

இனி, கரைவலைக்காரர் சொன்ன பாய்க்கு வருகிறேன். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, எதிரே உள்ள ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏழெட்டுக் கிலோ பாரத்தின் அளவுக்கு அழுத்தும்; வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். ஒன்பது சதுர மீற்றர் கூரையைக் காற்று அதில் பாதி பலத்தோடு மேலே இழுத்தாலும் முப்பது கிலோவுக்கு மேல் வருகிறது. என்னுடைய முதலாவது கெசிபோவின் எடை பன்னிரண்டு கிலோ. கூடவே வரும் முளைகள் கெட்டியான மண்ணில் ஓரளவு பிடிக்கும், மணலில் பிடிக்காது.

அன்று கூரை பறந்த பிறகு, எங்களோடு சாப்பிட்ட அந்தக் கரைவலைக்காரரே எங்களுக்குக் காட்டித் தந்த முறையைத்தான் இன்றும் செய்கிறோம். ஒவ்வொரு காலுக்கும் வெளியே ஒன்றரை மீற்றர் தள்ளி, கை முழங்கைவரை போகும் ஆழத்துக்குக் குழி தோண்ட வேண்டும். வெறும் உரப்பையில் மூன்றில் ஒரு பங்கு மணல் நிரப்பி, வாயைக் கட்டும் கயிற்றிலேயே நீளத்தை விட்டு, பையைக் குழியில் படுக்க வைத்து, கயிற்றைக் கெசிபோவின் மேல் மூலையை நோக்கிச் சரிவாக வெளியே எடுத்து, மணலால் மூடி மிதிக்க வேண்டும். அதன்பின் அவர் ஒரு வாளி கடல்நீரை அள்ளி அந்த இடத்தில் ஊற்றினார். ஈரமான மணல் இறுகிக்கொண்டது. கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னார், நானும் மச்சானும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. மணல் இல்லாத இடத்தில், இருபது லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்றைக் காலுடன் சேர்த்துக் கட்டுவோம். கான்கள் காலடியில் வெறுமனே நின்றால் போதாது; கயிறு கூரையின் மூலையிலிருந்து வர வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, அலைநுனிகள் வெள்ளையாக உடையத் தொடங்கியதைக் கண்டால், சோறு பாதியில் இருந்தாலும் கூரையை மடித்துவிடுகிறோம்.

மடித்தது ஈரமாக இருந்தால் வீட்டுக்கு வந்ததும் மறுபடி விரித்து உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கிழமைக்குள் கரும்புள்ளி பிடித்து மணக்கத் தொடங்கும். அப்படி முற்றத்தில் விரித்து வைத்ததைப் பார்த்த அயலவர்கள் பிறந்தநாளுக்கும் அந்திரட்டிக்கும் இரவல் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் கூரையை மட்டும் கொடுப்பதில்லை. நான்கு கயிறும் நான்கு உரப்பையும் சேர்த்துத்தான் கொடுப்பேன். போன மாதம் பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது மூன்று பைகள்தான் இருந்தன. நாலாவதைக் கேட்டதற்கு, “அதுக்குள்ள தேங்காயக் கட்டி மகள் வீட்ட அனுப்பிட்டன் தம்பி, கயிறு இருக்கு” என்றார் அக்கா.