படிக்கட்டில் கேட்ட சிரிப்பு

ஜூலை 7, 2025, திங்கள்

பதினொன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து ஃபோன். "உடனே வர முடியுமா?" என்று மட்டும் கேட்டார்கள். பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று பதறிக்கொண்டு போனால், அடிபட்டது வேறு ஒரு பையனுக்கு. அடித்தது என் பையன். கூடப் படிக்கிறவனுக்கு உதடு கிழிந்து மூன்று தையல்.

தலைமையாசிரியர் அறையில் இவனை நிற்க வைத்திருந்தார்கள். "ஏன்டா அடிச்சே?" "கோபம் வந்துச்சு." "எதுக்குக் கோபம்?" "வந்துச்சு." அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். அது ஏற்கனவே ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடிபட்ட பையனின் அம்மா என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதப்போவதில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் மோசமாகப் பார்த்திருப்பேன்.

மூன்று நாள் வீட்டில் இருக்கட்டும் என்றுவிட்டார்கள். வயது பதினான்கு. இதுவரை கதவை அறைந்து சாத்தியிருக்கிறான், ரிமோட்டை வீசியிருக்கிறான். ஆளை அடித்தது இதுதான் முதல் தடவை. எனக்குத் தெரிந்து.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. ராத்திரி துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவனாகவே வந்து உட்கார்ந்து ஒரு காலுறையை எடுத்து மடித்தான். சரி, இதுதான் நேரம் என்று "எப்படி ஆரம்பிச்சுது?" என்றேன்.

மணி அடித்ததும் எல்லோரும் படிக்கட்டில் இறங்கியிருக்கிறார்கள். பின்னாலிருந்து ஒரு பை தோளில் இடித்திருக்கிறது. கையிலிருந்த ஜாமெட்ரி பாக்ஸ் விழுந்து திறந்து, காம்பஸ், பென்சில் எல்லாம் நாலு படிக்குக் கீழே உருண்டு போயிருக்கின்றன. அப்போது பின்னால் யாரோ சிரித்திருக்கிறார்கள்.

"சிரிச்சது அந்தப் பையனா?"

இரண்டாவது காலுறைக்கு ஜோடி தேடினான். ரொம்ப நேரம் தேடினான். "தெரியல."

"இடிச்சது?"

"அவன் பைதான். ஆனா அவனையும் யாரோ தள்ளியிருக்கலாம்." கொஞ்சம் விட்டு, "அது அப்புறம்தான் தோணுச்சு."

ஜூலை 9, புதன்

தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து படித்தேன்.

கென்னத் டாஜ் என்ற உளவியலாளர் 1980ல் வெளியிட்ட ஓர் ஆய்வு என் வீட்டுக் கதையாகவே இருந்தது. பள்ளிப் பையன்களிடம் ஒரு புதிரைக் கொடுத்துச் சேர்க்கச் சொல்கிறார்கள். பாதியில் இன்னொரு பையன் அதைக் கலைத்துவிட்டதாகத் தெரியவைக்கிறார்கள். சிலருக்கு, அவன் வேண்டுமென்றே கலைத்தான் என்பது தெளிவாகத் தெரியும். சிலருக்கு, உதவி செய்யப் போய் தவறிக் கலைந்தது என்று தெரியும். மிச்சப் பேருக்கு எது என்றே தெரியாது. தெளிவாகத் தெரிந்த இரண்டு நிலைகளிலும் சண்டைக்காரப் பையன்களும் சாதுவான பையன்களும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள். வித்தியாசம் வந்தது அந்தத் தெரியாத நிலையில்தான். சாதுக்கள் அதைத் தற்செயல் போல எடுத்துக்கொண்டார்கள். சண்டைக்காரர்கள் வேண்டுமென்றே செய்தது போல எடுத்துக்கொண்டார்கள்.

பிற்பாடு 1994ல் நிக்கி கிரிக்கும் டாஜும் சேர்ந்து இதை ஆறு படிகளாகப் பிரித்தார்கள். கவனிப்பது, கவனித்ததற்கு அர்த்தம் கொடுப்பது, தனக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்வது, என்னென்ன செய்யலாம் என்று யோசிப்பது, ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, செய்வது. கண்மூடித் திறப்பதற்குள் ஆறும் முடிந்துவிடும்.

பதினான்கு வருஷமாக நான் அவனுக்குச் சொல்லிவந்த புத்திமதி எல்லாம் ஆறாவது படிக்கானது. "கையை ஓங்காதே." "வாயை அடக்கு." அவன் வழுக்கி விழுவது இரண்டாவது படியில். அங்கே நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' என்ற சொல்லை ஆபீஸ் பயிற்சி வகுப்புகளில் கேட்டுக் கேட்டு அலுத்தவள் நான். ஏதோ மேலாளர்களுக்கான ஜோடனை என்றுதான் நினைத்திருந்தேன். அது பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் 1990ல் ஆய்விதழ் ஒன்றில் கட்டியெழுப்பிய கருத்து. டேனியல் கோல்மன் 1995ல் எழுதிய புத்தகத்தால் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. பாடப்புத்தகத் தமிழில் மனவெழுச்சி நுண்ணறிவு. 1997ல் முதல் இருவரும் அதை நான்கு திறமைகளாக வகுத்தார்கள். உணர்ச்சியைச் சரியாக அடையாளம் காண்பது, சிந்தனைக்கு அதைப் பயன்படுத்துவது, அது எதிலிருந்து பிறந்து எதுவாக மாறும் என்று புரிந்துகொள்வது, அதைக் கையாள்வது. படிக்கட்டுச் சிரிப்பை வைத்துப் பார்த்தால் என் பையன் முதல் திறமையிலேயே ஃபெயில்.

ஜூலை 11, வெள்ளி

பள்ளிக்குப் போய்விட்டான். அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டானாம். அவன் "ம்" என்றானாம்.

அண்ணன் வந்திருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு குத்துப்பை வாங்கி மாட்டு. உள்ளே இருக்கிற வெறி எல்லாம் அதில் இறங்கிடும்" என்றான். பிரஷர் குக்கர் மாதிரி, ஆவியை விட்டால் சரியாகிவிடும் என்று நம் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. நானும் தலையணையைக் குத்தச் சொல்லியிருக்கிறேன்.

பிராட் புஷ்மன் 2002ல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். 600 கல்லூரி மாணவர்கள். ஒரு கட்டுரை எழுதச் சொல்லி, அதை வேறொருவர் மட்டமாக விமர்சித்தது போலக் காட்டிக் கோபப்படுத்தினார். ஒரு குழு, விமர்சித்தவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியது. இன்னொரு குழு, உடற்பயிற்சியாக நினைத்துக் குத்தியது. மூன்றாவது குழு இரண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தது. ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் மிக அதிகம். பிறகு விமர்சித்தவருக்குப் பெருஞ்சத்தம் கொடுத்துத் தண்டிக்க வாய்ப்புக் கொடுத்தபோது, சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தான் குறைவாகத் தண்டித்தார்கள்.

அண்ணனிடம் சொன்னேன். "அதெல்லாம் காலேஜ் பசங்க" என்றான். அவனிடம் எதையும் ஜெயிக்க முடியாது.

ஜூலை 15, செவ்வாய்

ஒரு தோல்வியைப் பதிவு செய்கிறேன். யேல் பல்கலைக்கழகத்தில் மார்க் பிராக்கெட் குழுவினர் பள்ளிகளுக்காகச் செய்த ஓர் அட்டவணை இருக்கிறது. நான்கு வண்ணக் கட்டங்கள். உடம்பில் வேகம் எவ்வளவு, மனசுக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்ற இரண்டை வைத்து, இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். வேகம் அதிகம், பிடிக்கவில்லை என்றால் சிவப்பு. நானே வரைந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். சாயங்காலம் பார்த்தால் நான்கு கட்டத்துக்கும் மீசை வரைந்து வைத்திருக்கிறான். கிழித்துப் போட்டுவிட்டேன். அதைக் கிழித்தபோது நான் சிவப்புக் கட்டத்தில் இருந்தேன்.

ஆனாலும் வார்த்தை விஷயத்தை விட மனசில்லை. மேத்யூ லீபர்மன் குழுவின் 2007 ஆய்வில், கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னபோது மூளையில் ஆபத்து என்று மணியடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைந்திருக்கிறது. பெயர் வைப்பதற்கே ஒரு குளிர்ச்சி இருக்கிறது போல. என் பையனிடம் இருக்கிற பெயர்கள் மூன்றே மூன்று: கோபம், கடுப்பு, காண்டு. மூன்றும் ஒன்றுதான். எரிச்சல், ஆத்திரம், ஆற்றாமை, ரோஷம், பொறாமை, ஏக்கம், மனத்தாங்கல் என்று இவ்வளவு பெரிய மொழியை வைத்துக்கொண்டு பிள்ளைக்குக் 'காண்டு' மட்டும் கொடுத்திருக்கிறோம்.

ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அவன் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இருட்டில் பேசுவது அவனுக்குச் சுலபமாக இருக்கிறது, முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டாமே.

"அன்னிக்கு பாக்ஸ் விழுந்துச்சே, குனிஞ்சு பொறுக்கினியா?"

"ம்."

"அப்ப எப்படி இருந்துச்சு?"

மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு, "கேவலமா இருந்துச்சும்மா. எல்லாரும் நின்னு பாத்தாங்க."

கோபம் என்று அவன் அன்றைக்குச் சொன்னது இதைத்தான். தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளில் கோபத்துக்கு 'வெகுளி' என்று ஓர் இடம் உண்டு. 'இளிவரல்' என்று, இழிவுபட்ட உணர்ச்சிக்குத் தனியாக இன்னோர் இடமும் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை அந்த ஆள்.

ஜூலை 20, ஞாயிறு

இதை எழுதுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசனை.

மகளுக்குப் பதினாறு. இந்தப் பதினைந்து நாளும் எனக்குத் துணையாக இருந்தவள் அவள்தான். "அவன்கிட்ட இப்ப பேசாதம்மா, தாடையை இறுக்கிட்டு இருக்கான் பாரு" என்பாள். சரியாக இருக்கும். ஒருவர் முகத்தைப் பார்த்தே மனசைப் படித்துவிடுவாள். 'இவளுக்கு இருப்பதில் கால்வாசி அவனுக்கு இருந்தால் போதும்' என்று அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

இன்று அவளுடைய தோழியின் அம்மா ஃபோன் செய்தார். திட்டவில்லை, அழுதார். ஒரு மாதமாக அந்தப் பெண் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாளாம். வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிட்டு அவள் இல்லாமல் புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவள் போனதும் சிரிப்பு. அவள் ரகசியமாகச் சொல்லியிருந்த ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் நடத்தியது என் மகள்.

கேட்டேன். "நான் அவளை ஒரு வார்த்தை சொன்னது இல்லையே" என்றாள், அமைதியாக. அது உண்மை. அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நிக்கி கிரிக், அதே பெண்மணி, ஜெனிஃபர் குரோட்பீட்டருடன் சேர்ந்து 1995ல் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்: உறவைக் கருவியாக்கிச் செய்யும் தாக்குதல். ஒதுக்குவது, வதந்தி கிளப்புவது, நட்பை வாபஸ் வாங்குவேன் என்று மிரட்டுவது. 1987லேயே டாஜும் ஜான் கோயியும் இன்னொரு பிரிவினை சொல்லியிருந்தார்கள். சீண்டியதும் பொங்கி அடிப்பது ஒன்று. ஒன்றைச் சாதிக்க நிதானமாகத் திட்டம் போட்டு நோகடிப்பது இன்னொன்று. என் பையன் முதல் வகை. இரண்டாவதற்குத் தாடையை இறுக்க வேண்டியதே இல்லை.

மனவெழுச்சி நுண்ணறிவு கூடினால் முரட்டுத்தனம் குறையும் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. சராசரியாகப் பார்த்தால் சரிதான். ஆனால் அவற்றில் நிறைய, 'நான் பிறர் உணர்வை எளிதில் புரிந்துகொள்வேன்' என்ற மாதிரி வாக்கியங்களுக்கு நாமே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் வினாத்தாள்களால் அளந்தவை. என் மகள் அதில் ஐந்துக்கு ஐந்து போடுவாள். பொய்யும் இல்லை. வேறு விதமான தேர்வுகளும் உண்டு, முகத்தைக் காட்டி உணர்ச்சியைக் கண்டுபிடிக்கச் சொல்பவை. அதிலும் அவள்தான் முதல். யாருக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தால்தானே அங்கே தொடாமல் இருக்க முடியும்? அதே அறிவைக் கொண்டு அங்கேயே அழுத்தவும் முடியும். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொன்னதில்லை.

ஜூலை 23, புதன்

பையன் கேஸில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போனது. "எல்லாரும் நின்னு பாத்தாங்க" என்றானே, கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2005ல் வீடியோ கார் விளையாட்டு ஒன்றை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் பதின்வயதுப் பிள்ளைகள் கண்டபடி ஓட்டுகிறார்கள். வயது வந்தவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தப் படிக்கட்டில் யாரும் இல்லாதிருந்தால் அடி விழுந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

மகளிடம் மறுபடியும் பேசினேன். இந்தத் தடவை நீளமாக.

முதலில் வக்கீல் மாதிரி பதில் சொன்னாள். அப்புறம் உடைந்தது. "அவதான் முதல்ல என் விஷயத்தை வெளியே சொன்னா. நான் எவ்வளவு நாள் அழுதேன்னு உனக்குத் தெரியுமா?" எனக்குத் தெரியாது. இரண்டு பிள்ளைகளில் சத்தம் போட்டவனை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"சரி, அவகிட்ட நேரா சண்டை போட்டிருக்கலாமே. பேசாம ஒதுக்கி வெச்சு, கூட இருக்கிறவங்களையும் சேர்த்து... இதை எங்கே கத்துக்கிட்டே?"

நிமிர்ந்து பார்த்தாள். "நீ அப்பாகிட்ட மூணு நாள் பேசாம இருப்பியே, அது என்னம்மா? எங்ககிட்ட 'உங்கப்பாகிட்ட சாப்பிட வரச் சொல்லு'ன்னு தூது வேற அனுப்புவே."

அதற்கு மேல் நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நாங்கள் இருவரும் போனோம். மகள் மன்னிப்புக் கேட்டாள். வார்த்தைகள் எல்லாம் சரியாக இருந்தன. இவளுக்கு வார்த்தைகள் எப்போதும் சரியாகத்தான் வரும், அதனால் எவ்வளவு நம்புவது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் அதே சந்தேகம். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு என் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

பையன் நேற்று மறுபடி கதவை அறைந்தான். கீல் ஒன்று கழன்றுவிட்டது. ஆனால் பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்து, "கோபம் இல்ல. மார்க் பாத்து பயந்துட்டேன்" என்றான். ஸ்க்ரூ டிரைவரை அவனே தேடி எடுத்தான்.

அந்தப் பெண் பள்ளிக்குப் போகிறாள். பழைய குழுவில் சேர்த்துவிட்டார்களாம். அதில் இப்போது யாரும் எதுவும் எழுதுவதில்லையாம்.

இன்று காலை எனக்கும் அவருக்கும் ஒரு சின்ன விஷயத்தில் தகராறு. கரண்ட் பில் கட்ட மறந்ததில் ஆரம்பித்து எங்கெங்கோ போனது. சாயங்காலம் அவர் வந்து, "தலைவலிக்குது, மாத்திரை எங்கே இருக்கு?" என்று கேட்டார். நான் காதில் விழாத மாதிரி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் போய்விட்டார்.

அடுக்களை வாசலில் மகள் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். முதல் நாள்.