மரங்கள் பேசிக்கொள்வது இருக்கட்டும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) கதை தெரியுமா?

தாய் மரம் தன் கன்றுகளை அடையாளம் கண்டுகொண்டு மண்ணுக்கடியில் பூஞ்சை இழைகள் வழியாகச் சாப்பாடு அனுப்புகிறது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அதில் பாதிக்கு மேல் நம்பிக்கை இல்லை.

இது எல்லாம் பெரிதாகப் பரவியது 1997இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வுக்கு அப்புறம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் காட்டியல் ஆய்வாளர் சுசான் சிமார்டும் அவர் குழுவும் பிர்ச், டக்ளஸ் ஃபிர் கன்றுகளைப் பையால் மூடி, எது எங்கே போகிறது என்று தடம் பார்க்க ஒன்றுக்குக் கார்பன்-13, மற்றதற்குக் கார்பன்-14 உள்ள வாயுவைக் கொடுத்தார்கள். பிறகு பார்த்தால் ஒன்றின் கார்பன் இன்னொன்றில் இருக்கிறது, நிழலில் நின்ற ஃபிருக்கு இன்னும் கூடுதலாகப் போயிருக்கிறது. அருமையான சோதனை, சந்தேகமே இல்லை. ஆனால் பக்கத்தில் சிடார் கன்றும் இருந்தது. அது வேறு வகைப் பூஞ்சையோடு சேர்கிற மரம், அதற்குள்ளும் கொஞ்சம் கார்பன் போயிருந்தது. அப்படியானால் ஒரு பங்கு சும்மா மண் வழியாகவே நகர்ந்திருக்கலாம் இல்லையா?

2023இல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா மூவரும் காடுகளில் நடந்த ஆய்வுகளை அலசிவிட்டு, பெரிய மரம் தன் வாரிசுக்கு என்று தனியாக அனுப்புகிறது என்பதற்குக் காட்டில் கிடைத்த ஆதாரம் எதுவும் வெளியாகவில்லை என்று எழுதினார்கள். இதில் மெலனி ஜோன்ஸ் யார் என்றால், அந்த 1997 கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர்! எனக்கு இந்த நேர்மைதான் தாய் மரக் கதையை விடப் பிடித்திருக்கிறது.

சரி, சந்தேகம் இல்லாத பகுதிக்கு வருவோம். மணிச்சத்து மண்ணில் அவ்வளவாக நகராது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை உறிஞ்சிவிட்டால் அப்புறம் அங்கே ஒன்றும் மிச்சமில்லை. வேர்த்தூவியை விட மெல்லிய பூஞ்சை இழை அதையும் தாண்டிச் சில சென்டிமீட்டர் போய் எடுத்து வருகிறது, கூலியாகச் செடி சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது. ஸ்காட்லாந்தின் ரைனியில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவங்களில், சரியான வேர்கூட இல்லாத செடிகளின் தண்டுக்குள்ளேயே இந்தப் பூஞ்சை இருக்கிறது. வேருக்கு முன்பே வந்துவிட்ட கூட்டாளி! கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் பைன் கன்றுகளை நட்டு நட்டுப் பார்த்தும் மஞ்சளடித்துக் குட்டையாகவே நின்றன, 1950களில் அமெரிக்காவிலிருந்து பைன் வேரோடு சேரும் பூஞ்சை உள்ள காட்டு மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகுதான் வளரத் தொடங்கின.

நம் ஊரில் பயிர் வேருக்குள் வாழும் பூஞ்சையை 'வேம்' (VAM) என்ற உயிர் உரமாக விற்கிறார்கள், வேளாண் பல்கலைக்கழகக் கையேடுகளில் வேர் உட்பூசணம் என்று இருக்கும். உயிருள்ள வேர் இல்லாமல் இது பெருகாது என்பதால் மக்காச்சோளம் மாதிரிப் பயிரின் வேரில் வளர்த்துத்தான் தயாரிக்கிறார்கள். மாடித்தோட்டக்காரர்கள் எல்லாத் தொட்டிக்கும் தூவுகிறார்கள், ஆனால் முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கடுகு இவற்றின் வேர் இந்தப் பூஞ்சையைச் சேர்த்துக்கொள்வதே இல்லை, காசுதான் தண்டம். மணிச்சத்து உரமான டிஏபியை அள்ளிப் போடுகிற மண்ணிலும் அப்படித்தான், மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது செடி பூஞ்சைக்குக் கொடுக்கிற சர்க்கரையைக் குறைத்துவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்குப் போடலாம். மேலே தூவாமல், விதைக்கும்போதே விதைக்குக் கொஞ்சம் கீழே, முதல் வேர் இறங்குகிற இடத்தில் போடுங்கள்.